மணலைப் பிடித்து நிற்கும் பூக்கள்

தனுஷ்கோடிக்குப் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: இரண்டு கடல், இடிந்த தேவாலயம், மற்றபடி வெறும் மணல். அந்த ‘வெறும் மணல்’ மேல்தான் எனக்கு வழக்கு. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை. 2017இல் அது திறக்கப்பட்ட பிறகு, வேனில் ஏறி கால்மணி நேரத்தில் முனைக்குப் போய், செல்பி எடுத்துக்கொண்டு திரும்பிவிட முடிகிறது. அந்த வேகத்தில் கடல் தெரியும், தரை தெரியாது. தனுஷ்கோடியும் ராமேசுவரமும் அமைந்த பாம்பன் தீவின் கதையோ முழுக்கத் தரையில்தான் எழுதியிருக்கிறது. அதுவும் முழங்கால் உயரத்துக்குக் கீழே.

தமிழ்நாட்டில் ஒரு கடல்தீவின் தாவரங்களைக் காலாற நடந்து பார்க்க வேண்டும் என்றால் இதைவிட நல்ல இடம் கிடையாது. மன்னார் வளைகுடாவில் ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே சிறு தீவுகள் 21 உண்டு. அவை 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அந்தத் தீவுகளில் ஒன்றான குருசடையின் கடற்பாசிகளைப் பற்றி எம்.ஓ.பி. ஐயங்கார் 1927லேயே எழுதிவிட்டார். சென்னை அருங்காட்சியகமும் அதே காலத்தில் அத்தீவின் கடல் உயிர்களைப் பட்டியலிட்டது. ஆய்வாளர்களுக்கு அந்தத் தீவுகள். நமக்குப் பாம்பன் தீவு. ஏறத்தாழ அதே காற்று, அதே உப்பு, அதே செடிகள்.

நடக்கத் தொடங்குமுன் திசை தெரிந்துகொள்வது நல்லது. வடக்கே பாக் விரிகுடா. உள்ளூர் மீனவர்களுக்கு அது பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா; அது ஆண் கடல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆண் கடல் குமுறும், பெண் கடல் குளம்போலக் கிடக்கும். வாடைக்காலத்தில் நிலைமை தலைகீழாக மாறும். ஆண்டு முழுக்க ஏதோ ஒரு பக்கத்திலிருந்து காற்று மணலை அள்ளிக்கொண்டே இருக்கிறது. தனுஷ்கோடிப் பகுதி ஒரு நீளமான மணல் நாக்கு. சில இடங்களில் இரண்டு கடலையும் ஒரே பார்வையில் பார்த்துவிடும் அளவுக்கு ஒடுக்கமானது. பாறை இல்லை, மலை இல்லை. அப்படியிருந்தும் இந்த மணல் ஏன் மொத்தமாகப் பறந்துபோகவில்லை?

பதிலைத் தேடித் தெற்குக் கரையில் இறங்குவோம். அலை தொட்டுப் போகும் ஈர மணலில் எதுவும் முளைப்பதில்லை. அதற்கு மேலே, பேரலைக் காலத்தில் மட்டும் நீர் எட்டும் இடத்தில், சிப்பியும் காய்ந்த கடற்பாசியும் ஒதுங்கிய ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டியதும் முதல் பச்சை தொடங்குகிறது. முன்வரிசையில் நிற்பவர்கள் இரண்டு பேர்: இராவணன் மீசையும் அடம்பும்.

இராவணன் மீசை ஒரு புல். ஆனால் மாடு வாய் வைக்காத புல். இலை விறைப்பாகச் சுருண்டு, நுனி ஊசியாக முடியும். செருப்பில்லாமல் போனவர்கள் மறக்க மாட்டார்கள். காற்று மணலைத் தூக்கும்போது பெரும்பாலான மணல்துகள்கள் வானத்துக்குப் போவதில்லை. தரையை ஒட்டித் துள்ளித் துள்ளித்தான் நகர்கின்றன. அந்த உயரத்தில் ஒரு புதர் குறுக்கே நின்றால் காற்றின் வேகம் அங்கே குறைகிறது. சுமந்து வந்த மணலைக் காற்று அங்கேயே போட்டுவிடுகிறது. புதரின் மறுபுறத்தில் கையளவு மணல் குவிகிறது. சாதாரணச் செடியாக இருந்தால் அந்த மணலில் புதைந்து செத்துவிடும். இராவணன் மீசை புதையப் புதைய மேலே வளரும். புதைந்த தண்டின் கணுக்களில் புதிய வேர் விடும். மறுநாள் காற்று இன்னும் கொஞ்சம் மணல் கொண்டுவரும், புல் இன்னும் கொஞ்சம் ஏறும். இப்படித்தான் ஒரு மணல்மேடு பிறக்கிறது. காற்றும் புல்லும் சேர்ந்து கட்டிய மேடு அது. புல்லைப் பிடுங்கிவிட்டால் அதே காற்று அதே மேட்டைச் சில பருவங்களில் கலைத்துவிடும்.

இந்தப் புல்லில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் பூங்கொத்து நாலாபுறமும் முள் நீட்டிய ஒரு பெரிய பந்து. விதை முற்றியதும் அது காம்போடு கழன்று, காற்றில் உருண்டு ஓடும். அதைத் துரத்திப் பாருங்கள், எளிதில் பிடிபடாது. உருளும் வழியில் விதைகளைச் சிந்திக்கொண்டே போகும். எங்காவது பள்ளத்தில் சிக்கி நின்றால் அங்கே மணல் சேரும், விதைக்குப் படுக்கையும் தயார். தேனீ வேண்டாம், பறவை வேண்டாம், காற்று போதும். மணலை நகர்த்தும் அதே காற்றை விதை பரப்பவும் வைத்துக்கொண்ட இந்தப் புல்லின் சாமர்த்தியம், அழகான பூக்கள் பலவற்றுக்கும் இல்லை என்பது என் கட்சி.

அழகுக்கு அடம்பு இருக்கிறது. கத்தரிப்பூ நிறமும் ரோஜா நிறமும் கலந்த அதன் புனல்வடிவப் பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறச் சோர்ந்து, மாலைக்குள் சுருண்டுவிடும். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான். எனவே பத்து மணிக்குச் சாவகாசமாக வந்து இறங்குபவர்கள் பார்ப்பது வாடத் தொடங்கிய பூவை. காலையில் அதன் முக்கிய விருந்தாளி கரிய தச்சுவண்டு. தன் மகரந்தத்தால் தானே சூல்கொள்ளாத செடி இது. அடுத்த கொடியின் மகரந்தம் வந்தாக வேண்டும். அதனால் இந்த வண்டு வராவிட்டால் காய்ப்பு அடிவாங்கும். வண்டு கூடு குடைவதோ பட்ட மரத்தில். கரையோரம் காய்ந்த மரக்கட்டையை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டால் அடம்புக்கும் அது நட்டம்தான்.

இலை நுனியில் பிளவுபட்டது. நெய்தல் பாடிய சங்கப் புலவர்கள் அதை மானின் அடியோடு ஒப்பிட்டார்கள். பல நூற்றாண்டு கழித்து லத்தீனில் பெயர் வைத்தவர்கள் ஆட்டின் காலைக் கண்டார்கள். இலையின் அடியில் காம்பு சேரும் இடத்தில் இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கும். பூவுக்கு வெளியே தேன் சுரக்கும் இடங்கள் அவை. அங்கே எறும்புகள் மொய்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம். தேனுக்குக் கூலியாக அவை இலை தின்னிகளை விரட்டும்.

கொடி முப்பது மீட்டர் வரை கூட ஓடக்கூடும். கணுவுக்குக் கணு வேர் இறங்குவதால் புயலில் ஒரு பகுதி அறுந்து போனாலும் மிச்சம் தனித்தனிச் செடியாகப் பிழைத்துக்கொள்ளும். விதையின் மேல்தோல் கடினமானது, உள்ளே காற்று அடைத்தது. கடல்நீரில் மாதக்கணக்கில் மிதந்தாலும் முளைப்புத்திறன் போகாது. ராமேசுவரத்தில் பார்க்கும் அதே அடம்பை பிரேசிலிலும், ஆப்பிரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும் பார்க்கலாம். உலகின் வெப்பமண்டலக் கரைகள் எங்கும் அது கடல்வழியாகவே பரவியிருக்கிறது. சொறி மீன் பட்டு உடம்பு தடித்தால் அடம்பிலையைக் கசக்கிப் பூசுவது பல நாட்டு மீனவர்களின் கைவைத்தியம். 1991இல் வெளிவந்த தாய்லாந்து ஆய்வு ஒன்று, இந்தச் செடியின் சாறு சொறி மீன் நஞ்சின் விளைவுகளைக் கட்டுப்படுத்துவதாகச் சோதனையில் காட்டியது.

முன்வரிசையைத் தாண்டினால் கூட்டம் அதிகம், ஆனால் எல்லாரும் குள்ளம். மஞ்சள் பூவோடு வில்போல வளைந்து வளைந்து ஓடும் எழுத்தாணிப் பூண்டு. சதைப்பற்றான இலைகளுக்கு நடுவே நாலிதழ்ப் பூ வைத்திருக்கும் ஹைட்ரோபிலாக்ஸ். காப்பிச் செடியின் குடும்பம் என்றால் நம்புவது கடினம். நெருஞ்சியும் உண்டு, அதைவிடத் தடித்த யானை நெருஞ்சிலும் உண்டு. யானை நெருஞ்சிலின் இலையைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் தண்ணீர் வழவழவென்று கெட்டிப்படும். செடிக்குள் இருக்கும் பசைப்பொருள் நீரைப் பிடித்துவைக்கும் வித்தை அது. மணலில் வாழ அந்த வித்தை வேண்டியிருக்கிறது. நீலம் கலந்த சிவப்பில் கொழிஞ்சியும், இளஞ்சிவப்பில் கடற்கரை அவரைக் கொடியும் அவரைக் குடும்பத்தார். மணலில் தழைச்சத்து கிட்டத்தட்ட இல்லை. இவற்றின் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. இவை காய்ந்து மக்கும்போது பக்கத்தில் உள்ளவர்களுக்கும் பங்கு கிடைக்கிறது.

இந்த வரிசையில் ஸ்கேவோலாப் புதரைக் கண்டால் பூவைக் குனிந்து பாருங்கள். ஐந்து இதழும் விசிறிபோல ஒரே பக்கம் விரிந்திருக்கும், மறுபக்கம் காலி. யாரோ பாதியைக் கிழித்துவிட்டார்கள் என்று தோன்றும். பூச்சி வந்து உட்காரும் மேடை ஒரு பக்கம் இருந்தால் போதும் என்று அந்தச் செடி முடிவு செய்திருக்கிறது.

சாலையின் இரு பக்கமும் மழைக்குப் பின் நீர் தேங்கி, வெயிலில் வற்றி, உப்புப் பூத்துக் கிடக்கும் தாழ்வான இடங்கள் உண்டு. அங்கே ஆட்கள் வேறு. உருண்ட சதை இலையோடு உமரி. தரையோடு படர்ந்து இளஞ்சிவப்பு நட்சத்திரப் பூப் பூக்கும் செசூவியம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. நம் தோட்டத்துக் கத்தரிச் செடிக்கு அந்த நீரை ஊற்றினால் வேர் நீரை உறிஞ்சுவதற்குப் பதில் இழந்துவிடும். உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம்தான் நீர் போகும். உமரி என்ன செய்கிறது? உப்பை உள்ளே விடுகிறது. விட்டு, செல்லின் நடுவே உள்ள நீர்ப்பைக்குள் அடைத்துவைக்கிறது. இதனால் செல்லின் உள்ளே உப்பு மிகுந்து, உவர் மண்ணிலிருந்தும் நீர் உள்ளே வருகிறது. ஆனால் அந்த உப்பு, நொதிகள் வேலை செய்யும் பகுதிக்குக் கசிந்தால் ஆபத்து. அங்கே சமநிலைக்காக கிளைசின் பீட்டைன், புரோலின் போன்ற கரிமச் சேர்மங்களைச் செடியே தயாரித்து நிரப்பிக்கொள்கிறது. இலை தடித்திருப்பதும் உப்பை நீர்த்துப்போக வைக்கத்தான். முதிர்ந்த இலை சிவந்து உதிரும்போது அதில் சேர்ந்த உப்பும் கழிந்துவிடுகிறது. மனோலி போன்ற தீவுகளின் கரையில் வளரும் வெண்கண்டல் மரமோ வேறு வழியில் போகிறது: இலைப்பரப்பில் உள்ள சுரப்பிகள் வழியாக உப்பை வெளியே தள்ளுகிறது.

இந்த உவர் நீர்நிலைகளில் வாடைக்காலத்தில் பூநாரைகள் இறங்கும். 2025 ஜூனில் தமிழ்நாடு அரசு இங்கே ஏறத்தாழ 525 ஹெக்டேரைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. தொலைநோக்கி வைத்திருப்பவர்களின் கூட்டம் அங்கே சேரும். நான் கீழே பார்ப்பவன் கட்சி என்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

இத்தனை உப்புக்கு நடுவே நல்ல தண்ணீர் எங்கே? தனுஷ்கோடியில் மீனவக் குடும்பங்கள் கடலுக்குச் சற்றுத் தள்ளி மணலைச் சில அடி தோண்டினால் குடிக்கும் நீர் ஊறுகிறது. வருகிற பயணிகள் இதை அதிசயம் என்கிறார்கள். அதிசயம்தான், ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய அதிசயம். மழைநீர் மணலில் நேராக இறங்குகிறது. கடல்நீர் அதைவிட இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது. எனவே நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது, நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும். நெதர்லாந்தில் பாடோன் ஹைபன் 1880களின் இறுதியிலும், ஜெர்மனியின் நார்டர்னைத் தீவை ஆராய்ந்த ஹெர்ஸ்பெர்க் 1901இலும் இதன் விதியைத் தனித்தனியே சொன்னார்கள்: கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். இது கொள்கையளவிலான கணக்கு. தனுஷ்கோடி போன்ற ஒடுங்கிய நிலத்தில் மேலே நிற்பது சில அங்குலம்தான் என்பதால் கீழே உள்ளதும் சொற்பமே. ஆனால் அந்த 40 மடங்கு எதிர்த்திசையிலும் வேலை செய்யும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அளவுக்கு மேல் மோட்டார் வைத்து இறைத்து நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழிருந்து உவர்நீர் 40 அடி மேலேறி வரப் பார்க்கும். கையால் தோண்டிய ஊற்று பல்லாண்டு தரும், ஆழ்துளைக் கிணறு சீக்கிரமே உப்பாகும்.

மணல்மேடுகளுக்கும் இதில் பங்கு உண்டு. மேடு உயர்ந்திருக்கும் இடத்தில் மழைநீர் தேங்க இடம் அதிகம். ஆக, இராவணன் மீசை மணலைப் பிடித்தது மனிதர் குடிக்கும் தண்ணீரிலும் வந்து முடிகிறது.

மேற்கே ராமேசுவரத்தை நோக்கித் திரும்பினால் மரங்கள் தொடங்கும். உச்சி தட்டையாகக் குடைவிரித்த உடைமரம் இந்தப் பகுதியின் சொந்த மரம். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதன் உலகம். பனை இருக்கிறது, தாழை இருக்கிறது. கடலைப் பார்த்த பக்கம் கிளைகள் குட்டையாகவும் மறுபக்கம் நீண்டும், மரமே கரைக்கு முதுகு காட்டி நிற்பதைக் கவனிக்கலாம். காற்று வளைத்ததாக நினைப்போம். காற்றைவிட அது சுமந்துவரும் உப்புத்துளிதான் கடல்பக்க மொட்டுகளைக் கருக்குகிறது.

வந்தேறிகளும் உண்டு. நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது. இந்தச் செடியிலிருந்து பிரித்தெடுத்த வின்கிறிஸ்டினும் வின்பிளாஸ்டினும் புற்றுநோய் மருந்துகளாயின. அது இருக்கட்டும், தொந்தரவில்லை. சீமைக்கருவேலும் சவுக்கும் அப்படியல்ல. காற்றைத் தடுக்கும் என்று கரையோரம் நட்ட சவுக்கின் அடியில் காய்ந்த ஊசித்தழை மெத்தைபோலப் படிந்துவிடுகிறது; அடம்பும் எழுத்தாணியும் அதற்குள் முளைக்க முடிவதில்லை. கொடிகள் பிடித்த மணலை மரத்தால் பிடிக்க முடியாது. மணல் பறப்பது தரையை ஒட்டி. சவுக்கின் கிளை இருப்பது தலைக்கு மேலே. பச்சை தெரிகிறதே என்று மகிழ்ந்து கடற்கரைக்கு மரம் நடும் விழாக்களை நடத்துபவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

இடிந்த தேவாலயத்துக்கும் ஒரு பத்து நிமிடம் கொடுங்கள், படம் எடுக்க அல்ல. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் ஊரை அழித்து, பாம்பனிலிருந்து வந்த ரயிலையும் பயணிகளோடு கொண்டுபோன கதை எல்லாருக்கும் தெரியும். சுவரின் கல்லைப் பாருங்கள். பூப்பூவாகச் சிறு குழிகள் தெரிகின்றன அல்லவா? ஒவ்வொரு குழியும் ஒரு பவளப்பூச்சி உட்கார்ந்திருந்த இருக்கை. தீவின் வடபுறத்தில் கடல்மட்டத்துக்கு மேலேயே பழைய பவளத்திட்டுகள் நிற்கின்றன. ஸ்டோடார்ட்டும் கோபிநாத பிள்ளையும் 1972இல் அவற்றைப் பற்றி எழுதினார்கள். வயது சுமார் 4,000 ஆண்டு என்று கணக்கிடப்பட்டது. அன்று கடல்மட்டம் இன்றைவிடச் சற்று உயர்ந்திருந்ததற்கு அது சாட்சி. ஆக, தீவின் அடித்தளம் பவளம், மேல்தளம் மணல், மேல்தளத்தைத் தைத்துவைத்திருப்பது செடிகள்.

இந்த மூன்றில் எதைக் கலைத்தாலும் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று நீருக்கடியில். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பல பத்தாண்டுகள் பவளம் வெட்டியெடுத்ததில் அலையைத் தடுக்க ஆளில்லாமல் போனது முக்கியக் காரணம். தூத்துக்குடிக்கு அருகே வான் தீவு 1960களின் இறுதியில் 20 ஹெக்டேர் அளவில் இருந்தது. 2015 வாக்கில் இரண்டு ஹெக்டேருக்கு அருகே வந்துவிட்டது. அதன்பின் அரசு அதைச் சுற்றிக் கடலடியில் செயற்கைத் திட்டுகளை இறக்கியது. கோடிக்கணக்கான ரூபாய் செலவில் கான்கிரீட் செய்யும் அந்த வேலையைத்தான் பவளம் சும்மா செய்துகொண்டிருந்தது.

மணல்மேடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் அவற்றை மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில்தான் வைத்திருக்கின்றன. ஆனால் சக்கரத் தடத்துக்கு அறிவிக்கை தெரியாது. மேட்டின் முகத்தில் ஒரே வழியில் ஆட்கள் ஏறி இறங்கினால் கொடி அறுந்து ஒரு வடு விழும். அந்த வடுவில் காற்று நுழைந்து மணலைத் தோண்டும். அடுத்த புயலில் கடல் நுழைய அதுவே வாசல்.

போக விரும்புகிறவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து சிறு பூக்கள் நிறைந்திருக்கும் காலம் அது. விடிந்தவுடன் நடக்கத் தொடங்குங்கள், பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். நிழல் கிடையாது, தண்ணீர் கையில் வேண்டும். தடித்த அடிப்பாகமுள்ள செருப்பு போடுங்கள். ஈர மணலில் எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம். மேட்டைக் கடக்க வேண்டுமென்றால் ஏற்கெனவே உள்ள ஒற்றையடிப் பாதையில் மட்டும் கடந்து செல்லுங்கள், அடம்பங்கொடியை மிதிக்காதீர்கள், பூவைப் பறிக்காதீர்கள். வாடகை ஓட்டுநர் மணலில் வண்டியை இறக்குகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.